வைத்த இடம்

தாராவி, 13 காம்பவுண்ட்
11 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய பாகீரதி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். நான் ஷேக் பரீத் என்பவருடைய கோடவுனில் பழைய பேப்பர் தரம் பிரிக்கிறவன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. வெள்ளைத்தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம். போன புதன்கிழமை மாதுங்காவிலிருந்து வந்த மூட்டையில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு கட்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் கையால் எழுதின தமிழ்க் கடிதங்கள். மேலே இருந்ததில் தாது வருஷம் என்று போட்டிருக்கிறது. கணக்குப் பார்த்தால் நூற்றைம்பது வருஷத்துக்குக் கிட்டத்தில் வருகிறது.

இதை எந்தப் பக்கம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பரீத் பாயிடம் கேட்டேன். அரைக் கிலோகூட இருக்காது, எடுத்துக்கொள் என்றுவிட்டார். அதே மூட்டையில் உங்கள் பெயரும் திலக் நகர் விலாசமும் உள்ள, வீடு மாற்றும் கம்பெனியின் ரசீது ஒன்று இருந்தது. வீடு மாற்றும்போது ஆட்கள் தவறிப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கட்டு பத்திரமாக இருக்கிறது. நேரில் கொண்டுவந்து தரட்டுமா? என் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மா. கோமதிநாயகம்

*

திலக் நகர், செம்பூர்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள கோமதிநாயகத்துக்கு,

அநேக ஆசீர்வாதம். உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குத் தபாலில் கடிதம் வந்து பத்து வருஷம் இருக்கும். வாட்ச்மேன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். போனில் பேச எனக்குக் காது ஒத்துழைப்பதில்லை. ஆகவே நானும் எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்தது சரிதான். மாதுங்கா கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். பிள்ளை நகுல் இங்கே வாடகைக்கு ஃபிளாட் பிடித்து, அறுபது வருஷத்துச் சாமானை இரண்டே நாளில் ஏறக்கட்டினான். அதில் இதுவும் போயிருக்கிறது.

அவை என் கொள்ளுத்தாத்தா தம்முடைய தம்பிக்கு எழுதினவை. தம்பி திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்தவர், வாரிசு இல்லாமல் காலமானதால் கடிதங்கள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. யாருக்குக் குழந்தை பிறந்தது, நெல் என்ன விலை, எந்தப் பசு கன்று போட்டது, அவ்வளவுதான். நகுலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவன் பெண் சுஷ்மாவுக்குத் தமிழ் பேசவே வராது. எனக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்?

நீங்கள் அலையவேண்டாம். மற்ற காகிதத்தோடு அரைக்கப் போட்டுவிடுங்கள். படித்துக் கண்ணையும் கெடுத்துக்கொள்ளவேண்டாம், எழுத்து மகா மோசம். உங்கள் நல்ல மனசுக்கு நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பாகீரதி அனந்தநாராயணன்

*

தாராவி
3 மார்ச் 2024

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை மன்னிக்கவேண்டும். நான் படித்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து தினமும் இரண்டு கடிதம் படித்தேன். புள்ளியில்லாத எழுத்து முதலில் முரண்டுபிடித்தது, பிறகு பழகிவிட்டது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயில் பார்க்கக் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போனது, திருவனந்தபுரத்திலிருந்து வந்த குடையை விரிக்கத் தெரியாமல் வீடே திண்டாடியது, மூத்த பெண்ணுக்குத் தலைமயிர் கொட்டினதற்கு நாலு கடிதம். என் வீட்டுக்காரி மாரிசெல்விக்கு வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

பிறகு அந்தத் தாது வருஷம் பங்குனி மாதத்துக் கடிதம் வந்தது. உள்ளபடியே எழுதுகிறேன்: "வெயிலுமுத்து விஷயம் முன் கடிதத்தில் விவரமாய் எழுதினபடி முடிந்தது. வாந்திபேதி என்று எழுதியாச்சு. விதைநெல்லை எடுத்தது அவனல்ல, நம் மச்சினன் சாமிநாதன் என்று இப்போது தெரிய வருகிறது. போனது போகட்டும். நெல் அறையை அலம்பிவிட்டாச்சு. மாவடு இவ்வருஷம் நன்றாய் வந்திருக்கிறது, ஆள் வந்தால் ஒரு ஜாடி அனுப்புகிறேன்."

அம்மா, கடிதத்தில் ஊர் கருங்காட்டுக்குளம் என்று இருக்கிறது. எனக்கும் பூர்வீகம் அதே ஊர்தான், உங்கள் தெருவுக்கு வெளியே, குளத்துக்குக் கீழே. வெயிலுமுத்து என் தாத்தாவுக்குத் தாத்தா. பஞ்சத்து வருஷம் பண்ணைக்குக் கூப்பிட்டார்கள் என்று போனவர் திரும்பவில்லை. வாந்திபேதியில் செத்தான், அடக்கம் பண்ணியாயிற்று என்று மட்டும் அவர் பெண்சாதிக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

அநியாயமாகச் செத்தவர் எங்களுக்குச் சாமி. வெயிலுமுத்து மாடனுக்கு இங்கே தாராவியிலும் ஒரு பீடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மேளம் வைத்துப் படையல் போட்டுக் கொடை கொடுக்கிறோம். என் அண்ணன் மகன் மகேஷ்குமார்தான் சாமியாடி. பம்பாயில் பிறந்தவன், டெம்போ ஓட்டுகிறான், வாயைத் திறந்தால் இந்திதான். ஆனால் மாடன் இறங்கிவிட்டால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "எலேய், என்னய எங்க வச்சிருக்கிய?" அவன் அப்பாவும் சாமியாடும்போது இதைத்தான் கேட்டார். அவருக்கு முன்னால் ஆடினவரும் இதைத்தான் கேட்டாராம். நாங்கள் சுருட்டைக் கொளுத்திக் கையில் கொடுப்போம்.

விவரமாய் எழுதின அந்த முன் கடிதம் கட்டுக்குள் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? இடம் தெரிந்தால் போதும். இடித்துக் கட்டுவதற்காக எங்கள் சந்து முழுவதையும் அளந்து கதவுக்குக் கதவு நம்பர் போட்டுவிட்டார்கள், பீடத்தைப் பெயர்க்கவேண்டி வரும். வேறு இடத்தில் வைப்பதென்றால் அவர் கிடக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அடியில் போடவேண்டும். அந்த மண் எங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

இப்படிக்கு,
கோமதிநாயகம்

*

திலக் நகர்
14 மார்ச் 2024

திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு,

படிக்கவேண்டாம் என்று எழுதியிருந்தேன். பிறத்தியார் வீட்டுக் கடிதத்தைப் படித்ததும் இல்லாமல், பெண்டாட்டிக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

வெயிலுமுத்து என்ற பெயர் அந்தப் பக்கத்தில் பத்துப் பேருக்கு இருந்திருக்கும். வாந்திபேதியில் அந்த வருஷம் ஊர் ஊராகச் செத்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா அதே பஞ்சத்தில் வாசலில் கஞ்சித்தொட்டி வைத்தவர். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது அதுதான். நாலு வரியை வைத்துக்கொண்டு அவரைக் கொலைகாரராக்குவது நியாயமா?

முன் கடிதம் எதுவும் என்னிடம் கிடையாது. கட்டை உடனே கூரியரில் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நகுல் கேட்கிறான். எனக்கும் அதுதான் புரியவில்லை.

பாகீரதி அனந்தநாராயணன்

*

தாராவி
24 மார்ச் 2024

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொரு கடிதம். அந்தப் பங்குனி மாதக் கடிதமும் அதில் இருக்கிறது. நான் நகல்கூட எடுக்கவில்லை. மகேஷ்குமார் போனில் படம் எடுக்கிறேன் என்றான், அவனையும் தடுத்துவிட்டேன்.

உங்கள் மகன் கேட்டதற்குப் பதில்: எங்களுக்கு எதுவும் வேண்டாம். போலீஸ், பேப்பர், கேஸ் என்று எங்கேயும் போகமாட்டோம். உங்கள் கொள்ளுத்தாத்தா கஞ்சி ஊற்றியிருக்கலாம், எங்கள் ஆட்களும் அதைக் குடித்திருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இடம் மட்டும் வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லிக் கேட்டதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். கொடை வைகாசி முதல் செவ்வாய். இந்த இடத்தில் கொடுக்கப்போகும் கடைசிக் கொடை இதுவாகத்தான் இருக்கும்.

கோமதிநாயகம்

*

திலக் நகர்
6 மே 2024

அன்புள்ள கோமதிநாயகத்துக்கு,

கட்டு வந்து ஐந்து வாரம் ஆகிறது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்றைக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பாடு என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு மாற்றின ஆட்கள் தவறிப் போடவில்லை. நான்தான் என் கையால் அதைப் பழைய பேப்பர் எடுக்க வந்த ரத்திவாலாவின் மூட்டையில் வைத்தேன். எரித்திருக்கலாம். இப்போதெல்லாம் ஃபிளாட்டில் எதை எரித்தாலும் அலாரம் அடிக்கிறது. தாராவிக்குப் போனால் அரைத்துவிடுவார்கள், அங்கே இந்த எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கே இருப்பதெல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உங்களில் ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முன் கடிதம் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயசில், மாதுங்கா வீட்டில், அப்பா பழைய கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் படித்துவிட்டு மறுபடி மடித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "பாகி, இதை வெந்நீர் பாய்லர்ல போட்டுடு" என்றார். போடுவதற்கு முன் நான் படித்தேன்.

கொள்ளுத்தாத்தா வீட்டில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். விதைநெல் இரண்டு கோட்டை அளவு குறைகிறது என்று வெயிலுமுத்துவைப் பிடித்து நெல் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் தண்ணீர் தண்ணீர் என்று கதவைத் தட்டியிருக்கிறார். விருந்தாளிகள் இருக்கும்போது திறந்தால் கூச்சலாகும் என்று திறக்கவில்லை. சம்பந்திகள் காதில் விழாமல் இருக்க நாதஸ்வரக்காரரை விடாமல் வாசிக்கச் சொன்னதாக எழுதியிருந்தது. மூன்றாம் நாள், சம்பந்திகளை வழியனுப்பிவிட்டுத் திறந்திருக்கிறார்கள்.

புதைத்த இடமும் எழுதியிருந்தது. ஒரு வயலின் பெயர். எந்த மூலை என்றுகூட இருந்தது. அந்தப் பெயர்தான் எனக்கு நினைவில்லை. ஐந்து வாரமாக யோசித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முப்பது பலாப்பழம் வந்தது நினைவிருக்கிறது. பெண்ணுக்கு எடுத்த புடவை கத்தரிப்பூ நிறம் என்பது நினைவிருக்கிறது. சமையல்காரன் பாயசத்தை அடிப்பிடிக்க விட்டதுகூட நினைவிருக்கிறது. வயலின் பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எனக்கு அன்றைக்கு அது ஒரு முக்கியமான வார்த்தையாகவே படவில்லை போலிருக்கிறது.

ஊரில் கேட்டுப் பார்க்க எங்களவர் ஒருவரும் இல்லை. நிலமெல்லாம் கைமாறி வீட்டுமனை போட்டு முடித்துவிட்டார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும். கொடையில் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எனக்கு எழுபத்தைந்து வயசு, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். சுஷ்மாவுக்கு இந்த வருஷம் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாகீரதி

*

தாராவி
19 மே 2024

பாகீரதி அம்மா அவர்களுக்கு,

கடிதம் கொடைக்கு முந்தின நாள் வந்தது. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். வயதில் மூத்த எங்கள் பேராச்சி சித்தி பாதியில் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

இத்தனை வருஷமும் மாடனுக்குச் சாராயம் வைத்தோம், சுருட்டு வைத்தோம், கிடா வெட்டினோம். தண்ணீர் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மதியக் கொடையில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கொடையில் மேளம் நிற்கவே கூடாது, பெரியவர்கள் கோபித்தார்கள். சித்தி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மகேஷ்குமார் முன்னால் வைத்தாள். அவன் குடத்தைத் தூக்கி வாயில் வைத்துக் குடித்தான். இரண்டாவது குடம் கேட்டான். மூன்றாவதில் பாதி வெளியே வந்துவிட்டது, அப்படியும் குடத்தை விடவில்லை. நாங்கள் அழுதோம் அம்மா. செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதோம்.

குடித்து முடித்துவிட்டுக் கேட்டான், "எலேய், என்னய எங்க வச்சிருக்கிய?" என்று.

நான் காலிக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் பேத்தி கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள்?

அடுத்த மாதம் இந்தச் சந்திலிருந்து காலி செய்கிறோம். எங்கே போடுவார்களோ தெரியாது. பீடத்துச் செங்கலைத் துணியில் கட்டி, மாரிசெல்வி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மண் இல்லாமல் அதை எங்கேயும் ஊன்றமுடியாது.

அந்த வயலின் பெயர் என்றைக்காவது நினைவுக்கு வந்தால், பரீத் பாய் கோடவுன் விலாசத்துக்கு எழுதுங்கள். ராத்திரி வந்தால் ராத்திரியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், மறந்துவிடும். வேறு எதற்காகவும் எனக்கு எழுதவேண்டாம்.

கோமதிநாயகம்