பீப்பாயில் எழுதிய சொல்

ஜூன் 17, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. குடையில் ஒரு கம்பி போச்சு.

ட்ராக்டர் எங்கள் தெருக் குப்பையை ஏற்றாமலே போய்விட்டது. இரண்டாவது தடவை. ட்ராக்டர்காரர்: "இன்னொரு தடவ மரக்கறியும் பிளாஸ்டிக்கும் கலந்து கெடந்தா இந்தப் பக்கமே வரமாட்டோம் டீச்சர்." தெருக் குழுச் செயலாளர் நான். பாலர் பாடசாலையில் பத்தொன்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறேன், பதினெட்டு வீட்டைச் சமாளிக்க முடியவில்லை.

ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் பைகளைப் பிரித்தேன். செல்வியின் பையில் மேலே மரக்கறித் தோல், அடியில் பெரியவர்களுக்குக் கட்டும் பேம்பர்ஸ். "படிச்சுப் படிச்சுச் சொல்றேன், மூளையில்லையா?" பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். யாரோ சிரித்தார்கள்.

ஜூன் 18, புதன்
பனிமூட்டம். வாங்க: சீனி, கரும்பலகைக்குச் சோக்கட்டி, குடைக்கம்பி.

செல்வியின் புருஷன் நல்லதண்ணிக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று மாதம். படுக்கை என்று தெரியும், மற்றது தெரியாது. தெரியக்கூடாதென்றுதான் மரக்கறித் தோலுக்கடியில் ஒளித்திருக்கிறாள். இப்போது தெருவுக்கே தெரியும், என்னால்.

மாலை போனேன். வாசலிலேயே நிறுத்தினாள். "மெதுவா பேசுங்க டீச்சர். அவருக்குத் தெரிஞ்சா சாப்பிடவே மாட்டாரு. இனி நான் குப்ப போடல, எரிச்சிக்கிறேன்." இந்த மழையில் எதை எரிப்பாள்? மன்னிப்புக் கேட்கப் போனவள் கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி
குழுக் கூட்டம். பதினோரு பேர். முடிவு:
1. யார் பையையும் யாரும் பிரிக்கக் கூடாது. (நானே சொன்னேன். வெட்கம்.)
2. நோயாளி, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கறுப்புப் பை. தனியாகக் கட்டித் தெருமுனைக் குப்பைப் பீப்பாய்ப் பக்கத்தில் வைத்தால் போதும். ட்ராக்டர்காரரிடம் பேசியாயிற்று.
3. பீப்பாய் எழுத்தை மாற்றுவது. இரண்டு பீப்பாயிலும் 'உக்கும்' (மக்கும்), 'உக்காத' (மக்காத) என்று எழுதி வந்தது. நம்மவர்களுக்கு எங்கே புரிகிறது? பக்கத்து வீட்டு ராசு: "பீப்பா மேல உக்காரக் கூடாதுன்னுல்ல நெனச்சேன்!" ஒரே சிரிப்பு. செல்வி வரவில்லை.

பெயின்ட் வாங்கி நானே எழுதினேன்: 'அழுகும்', 'அழுகாத'. கறுப்புப் பைகளைச் செல்வி வீட்டு ஜன்னலில் செருகிவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி
வெயில்!

காலை ஏழு மணிக்குச் செல்வி, கையில் கட்டிய கறுப்புப் பை. நான் பீப்பாய்ப் பக்கம். என் முகத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"யார டீச்சர் அழுகாதன்னு சொல்றீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "குப்பைக்கு எழுதினது செல்வி. ஒனக்கில்ல."

பையைக் கீழே வைத்தாள். அங்கேயே, நடுத்தெருவில், என் தோளில் சாய்ந்து அழுதாள்.