உன் தம்பி காட்டிய கை

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் தம்பியும் தேறி வருகிறான். நின்று நின்று வீங்கிய உன் கால் இப்போது எப்படி இருக்கிறது? போனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள், எங்க வீட்டுக்காரர் காட்டுப் பந்தயத்தையே முடிச்சவர்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டேன் என்கிறாய். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறேன். நேற்றும் அப்படித்தான் ஆயிற்று.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உன் தம்பிக்கு இடது கையால் ஸ்பூன் பிடிக்க வரவில்லை, பாதி சட்டைக்குத்தான் போகிறது. நான் ஊட்டப் போனால், மாமா, நான் என்ன கைக்குழந்தையா என்று முறைக்கிறான். அப்புறம் வாயைத் திறக்கிறான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காட்டுப் பந்தயம் என்றால் மண் ரோட்டில் கொஞ்சம் குலுங்கல் இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன். அங்கே ரோடே இல்லை. மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் போக வேண்டும். பைக் ஹேண்டில்பார் நுழைகிற அளவுக்குத்தான் இடம், கீழே வேரும் சேறும். பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து, கிளட்சை மெதுவா விடு என்று ஊரையே அதட்டுகிறவன், முதல் மேட்டிலேயே கிளட்சைப் படாரென்று விட்டுப் புதருக்குள் போய் விழுந்தேன். உன் தம்பி பக்கத்தில் வந்து, என்ன மாமா, எல் போர்டை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா என்று சிரித்துவிட்டுப் பறந்தான். எனக்குச் சுருக்கென்றது.

தொடங்கும் முன்பே, பந்தயம் நடத்துகிறவர் எங்களை நிறுத்தி வைத்து ஒன்று சொல்லியிருந்தார். மரங்களுக்கு நடுவே யார் விழுந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. விழுந்தவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் கையைத் தூக்கிக் காட்டுவான், பின்னால் வருகிறவன் நிற்காமல் போகலாம். கை எழவில்லை என்றால் முதலில் பார்க்கிறவன் நின்றே ஆக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் பெரிதாகத் தலையாட்டியது நான்தான்.

இரண்டாவது சுற்றில் ஒரு வளைவு திரும்பியதும் அவன் கிடந்தான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நீ வாங்கி அனுப்பிய மஞ்சள் சட்டை. பார்த்ததும் ஐயோ என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லா வேணும்டா என்றுதான் தோன்றியது. பின்னால் ஒரு வண்டி உறுமிக்கொண்டு வந்தது, நின்றால் அந்த ஆளும் என்னை முந்திவிடுவான். ஹெல்மெட் கண்ணாடியில் சேறு, கை தூக்கினான், தூக்கினான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். சேறு இருந்தது உண்மைதான். மஞ்சள் சட்டை தெரிந்த கண்ணுக்குக் கை எழாதது மட்டுமா தெரியாமல் போகும்?

பந்தயத்தை முடித்தேன். பதக்கம் போட்டார்கள். அவனிடம் காட்டி வாயடைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டு போனால், முதலுதவிக் கூடாரத்தில் படுத்திருந்தான். எனக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்தவர் ஒரு பேக்கரிக்காரராம். அவர்தான் வண்டியை நிறுத்தி, ஆள் வரும்வரை அவன் கூடவே இருந்திருக்கிறார். அவர் கழுத்தில் பதக்கம் இல்லை. நீங்க இவருக்கு என்ன உறவு என்று என்னைக் கேட்டார். நான் பதக்கத்தைச் சட்டைக்குள் தள்ளினேன். அக்கா வீட்டுக்காரர் என்று உன் தம்பிதான் படுத்தபடியே பதில் சொன்னான். கேட்காமலேயே, மாமா மேல தப்பில்லைங்க, நான்தான் போங்கன்னு வலது கையைத் தூக்கிக் காட்டினேன் என்றும் சொன்னான். பேக்கரிக்காரர் அவன் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி என் பதக்கப் படத்தை ஆபீஸ் கதவில் ஒட்டிவிட்டார். படிக்க வருகிறவர்கள் எல்லாம் கதை கேட்கிறார்கள். கூனிக் குறுகிப் போகிறேன். வீட்டுக்கு வந்து உன் தம்பியிடம் பேச்சை எடுத்தால், டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க மாமா என்கிறான்.

நீ கேட்டாலும் வலது கையைத் தூக்கினேன் என்று சத்தியம் பண்ணுவான். அந்தக் கையைத்தான் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத் தோள் எலும்பு முறிந்தவனால் கையைத் தூக்க முடியுமா என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, போனை மட்டும் பாதியில் வைத்துவிடாதே. அவனுக்காகக் கடவுளிடம் கேட்டுக்கொள். அந்தக் கை சீக்கிரம் மேலே எழ வேண்டும். எழுந்ததும் முதலில் என் கன்னத்தில் விழுந்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்