சர்வருக்குத் தெரிந்த ஒரே பெயர்

அந்தத் தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தபோது, தவறு என்னுடையது என்று உனக்குத் தெரிந்திருந்ததா? நீ இருந்த வரை கேட்கவில்லை. இனி கேட்க வழியில்லை.

அலுவலகம் வேறு மாடிக்கு மாறுகிறது. இன்று காலை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தபோது அது கையில் வந்தது. இரண்டு ஓரங்களிலும் துளையிட்ட பழைய பிரின்டர் தாள். மை மங்கிவிட்டது. ஆனாலும் வரிக்கு வரி உன் பெயரைப் படிக்க முடிகிறது. சில வரிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறாய். நீ போய் எட்டு மாதமாகிறது.

நாம் இருவரும் ஒரே வருடம் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். நான் ஓசூர் ரோட்டில் இருந்த தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில். நீ அத்திபெலே ஆலையில், ஊழியர் பதிவுகளைப் பார்க்கும் வேலையில். விவேக் நகரிலிருந்து முதல் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் போய்விடுவாய். வியாழக்கிழமை மட்டும் கிறிஸ்தவக் கோயிலில் நவநாள் ஜெபம் என்று மூன்று மணிக்கே பர்மிஷன் போட்டுக் கிளம்புவாய். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். "உனக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். நீ நம்பாட்டியும் அது எரியும்" என்பாய்.

கம்பெனிக்குள் மட்டும் திறக்கும் இணையதளத்தை அப்போது நான்தான் எழுதினேன். சுற்றறிக்கை, தொலைபேசிப் பட்டியல், ஊழியர்களின் ஆண்டு மதிப்பீடு எல்லாம் அதில் இருந்தன. மதிப்பீட்டைத் திறக்கும் அனுமதி அத்திபெலேயில் உனக்கு மட்டும். அந்த வருடம் அவை அறிவிக்கப்படும் முன்பே கேன்டீனில் பேச்சாகிவிட்டன. யாருக்கு என்ன கிரேடு, யாருடைய பதவி உயர்வை மேலதிகாரி தடுத்தார் என்பதெல்லாம் ஆலை முழுக்கத் தெரிந்திருந்தது. யார் எப்போது எதைத் திறந்தார் என்று சர்வரில் இருக்கும் பதிவை ஊழியர் பிரிவு மேனேஜர் கேட்டார். எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு மாதமாக, நாள் முழுக்க, அத்திபெலேயிலிருந்து உன் பெயர் மட்டும்.

"ரெக்கார்டுல தப்பு வராது சார்" என்றும் சொன்னேன்.

உன் மேல் விசாரணை வைத்தார்கள். உன் கணவருக்கு வேலை போயிருந்த நேரம் அது. வீட்டில் சம்பளம் வாங்கியவள் நீ ஒருத்திதான். அன்று மாலை உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தியா?"

"என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

"எங்கயாவது எழுதி வச்சியா?"

"செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன், வந்து பாரு." பிறகு, "மேனேஜர் கேட்ட மாதிரியே கேக்கறே" என்றாய்.

அடுத்த நாள் காலை நீயே தலைமை அலுவலகத்துக்கு வந்தாய். உனக்குக் கொடுத்திருந்த பதிவின் நகலை என் முன்னால் வைத்தாய். வட்டமிட்டவை எல்லாம் வியாழக்கிழமைகள், எல்லாம் மூன்று மணிக்குப் பிறகு. "இந்த நேரத்துல நான் கோயில்ல இருந்தேன். கார்டு பஞ்ச் பண்ணிட்டுத்தான் போனேன். அங்க என் பேர்ல உக்காந்திருந்தது யாருன்னு நீ பாரு" என்று சொல்லிவிட்டு, நான் நாற்காலி இழுத்துப் போடும் முன் கிளம்பிவிட்டாய்.

அன்று பிற்பகல் அத்திபெலே போனேன். முதலில் ஸ்டோருக்குள் நுழைந்து, அங்கிருந்த கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தேன். பெயரையோ பாஸ்வேர்டையோ நான் தட்டவில்லை. திரையின் மேலே உன் பெயரைப் போட்டு வரவேற்றது.

ஸ்டோர் கீப்பர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "போன மாசத்துலேந்து அக்கா பேருதான் வருது மேடம். எல்லா மெஷின்லயும்."

"ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிடுவீங்களே" என்றார்.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு கேட்கிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்ததால், காலையில் ஒருமுறை பெயர் கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் எண்ணை அன்று முழுக்க சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். தலைமை அலுவலகத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். அத்திபெலேயிலோ, ஒரு மாதம் முன்பு எல்லாக் கம்ப்யூட்டர்களின் இணைப்பையும் ஒரே இயந்திரத்தின் வழியாக, ஒரே எண்ணில் வெளியே அனுப்பும்படி மாற்றியிருந்தார்கள். சர்வருக்கு அந்த ஆலை முழுவதும் ஒரே கம்ப்யூட்டர். அங்கே காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர்தான் எல்லாரும். முதலில் வந்தவள் தினமும் நீ; உனக்கு மட்டும் திறக்கும் மதிப்பீடு அதனால் எல்லாருக்கும் திறந்தது. அந்த மாற்றத்தைப் பற்றிய சுற்றறிக்கை எனக்கும் வந்திருந்தது. நான் யோசிக்கவில்லை.

மாலை திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "சர்வர் ஃபால்ட்னு போட்டுடலாம் மேடம். நடுவுல உங்க பேரு எதுக்கு?" என்றார்.

"ஒரு பேரு தப்பா வந்ததுலதான் சார் இவ்வளவும் ஆச்சு. இதுலயாவது சரியா வரட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து, எண்ணைப் பார்க்காமல் ஆளுக்கு ஒரு தனி அடையாளம் கொடுக்கும்படி நிரலை மாற்றினேன். உன்னை அழைத்துச் சொன்னபோது, "ம்" என்றாய்.

சாமி விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் இன்றும் ஒரு பதிவில் ஒருவர் பெயரைப் பார்த்தால், அவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன் அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று பார்க்கிறேன். வேலை தாமதமாகிறது என்று என் பிரிவில் குறைப்படுகிறார்கள். படட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் கையெழுத்துப் போட்ட மறுநாள் நடந்தது இதுதான். நானும் முதல் பஸ்ஸில் ஏறினேன். உன் பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாய். எடுக்கவில்லை. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஆலையில் ஸ்டோர் கீப்பரை முதலில் பெயர் கொடுக்கச் சொன்னோம். அவர் பெயர் வந்தது. பிறகு உன் கம்ப்யூட்டரில் நீ கொடுத்தாய். உன் பெயர் வந்தது. பத்து மணிக்கு மேனேஜர் அங்கே வந்து, நான் எழுதிய பக்கத்தை வாசித்து விசாரணையை முடித்தார். மதியம் நீ கேன்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. தட்டோடு நடுவில் நின்று, "ஒரு மாசம் எல்லாரும் நானா இருந்தீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். ஒருவரும் நிமிரவில்லை. என் மேஜைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாய். சாம்பாரில் உப்பு கூட என்றாய். ஆமாம் என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.