ருமிவாசிச் சரிவின் தித்தாங்காவுக்கு யார் தீ வைப்பது என்பது பற்றி

அனுப்புநர்:
எலுத்தேரியா சுல்கா,
ஆடு வளர்ப்பவர், தங்கள் அலுவலகம் நியமித்த தித்தாங்காக் காவலர்,
ருமிவாசி, அயகுச்சோ மலைப்பகுதி.

பெறுநர்:
பொறியாளர் அவர்கள்,
மலைவனக் காப்புக் கிளை அலுவலகம்.

பொருள்: சான் ஹுவான் திருநாளுக்கு முந்தைய மாலை (ஜூன் 23) தாங்கள் நேரில் வரவோ, என் காவல் பொறுப்பைத் திரும்பப் பெறவோ வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா,

1. இதே அலுவலகத்துக்கு முன்பும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. தாங்கள் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

2. தித்தாங்காச் செடி ஆயுள் முழுக்க வெறும் இலையாகவே நின்று, ஒரே ஒரு முறை வீட்டைவிட உயரமாகப் பூத்து, விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும். அதன் இலையோரமெல்லாம் கொக்கி முள். குளிருக்கு ஒதுங்கும் ஆடு உள்ளே போனால், கம்பளி சிக்கி அங்கேயே பட்டினி கிடந்து சாகும். ஆகவே ஆடுகளின் திருநாளான சான் ஹுவானுக்கு முந்தைய மாலை, ஊர் கூடித் தித்தாங்காவைக் கொளுத்தும். அந்த ஆண்டு அதிக ஆடுகளை இழந்த வீட்டார்தான் முதல் தீ வைக்க வேண்டும். அவர்கள் வைக்காவிட்டால் எல்லோர் மந்தையிலும் சாவு விழும் என்பது ஊர் நம்பிக்கை.

3. தங்களுக்கு முன்பிருந்த பொறியாளர் ஊர்க்கூட்டத்துக்கு வந்து, சரிவில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்றார். காவலுக்கு யார் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பச்சை மேலங்கியும் விசிலும் என்னிடம் வந்தது இப்படித்தான். பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

4. சென்ற ஆண்டு ஒன்று பூத்தது. நான் பார்த்த முதல் பூ அதுதான். என்னைத் தித்தாங்காவின் பெண்டாட்டி என்று கேலி பேசியவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றார்கள். இப்போது அது காய்ந்து நிற்கிறது. விதை இன்னும் காய்க்குள்தான் இருக்கிறது. திருநாள் கழிந்த பிறகே வெடித்துக் கொட்டும். முன்னதாகக் கொளுத்தினால் விதையும் சேர்ந்து சாம்பல்தான்.

5. இந்த ஆண்டு அதிகம் செத்தவை என் ஆடுகள். மற்றவர் ஆடுகளை அந்தச் செடியிலிருந்து நான் விரட்டிக்கொண்டிருக்கையில் என்னுடையவற்றைப் பார்க்க ஆளில்லை. கடைசியாக மாட்டியது சினையாடு. செத்துக் கிடந்த அதை முள்ளிலிருந்து கத்தியால் அறுத்தெடுக்கும்போது அழுதேன். செடியை வாய்க்கு வந்தபடி ஏசவும் செய்தேன். ஊர்த்தலைவர் தெயோபிலோ என் கொழுந்தன். கூட்டத்தில் அவர் சொன்னது இது: "செத்தது ஒங்க ஆடு மதினி. நெருப்பும் ஒங்க கையாலதான். இது நான் வெச்ச சட்டமா, சொல்லுங்க?"

6. அவர் கெட்டவரல்ல. என் கணவர் போன பிறகு, உருளைக்கிழங்கு நடவுக்கு ஊரார் வந்து கைகொடுப்பதால்தான் நானும் மகளும் சாப்பிடுகிறோம். முதல் தீயை மறுத்தால் நடவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வேலிக்கு வெளியே என்னைத் தனியாக அழைத்து, "மேலேர்ந்து ஒருத்தர் வந்து நின்னாப் போதும் மதினி, கவர்மெண்ட்டு தடுத்துருச்சுன்னு நான் சமாளிச்சுக்குவேன்" என்றும் அவரே சொன்னார்.

7. ஆகவே, அந்த ஒரு மாலை வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். தாங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. வர இயலாதெனில், அதற்கு முன் ஆளனுப்பி மேலங்கியையும் விசிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். தாங்கள் வராவிட்டால் முதல் தீயை நான்தான் வைப்பேன். அதைத் தங்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு செய்ய எனக்கு மனமில்லை. மலை மேலே குளிரும் அதிகம்; என்னிடம் வேறு மேலங்கியும் கிடையாது.

இன்னமும் பாதையைப் பார்த்திருக்கும்,
எலுத்தேரியா சுல்கா
(கையொப்பம்)

இடம்: ருமிவாசி
நாள்: ஜூன் 9