மண்ணைக் கேட்காமல் தோண்டக் கூடாது

என் ஆசை அக்காவுக்கு,

நம் தன்லியின் ஊரிலிருந்து ரங்கூனுக்குப் போகப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆற்றை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போகிறேன். உன்னைக் கரைக்க வேண்டிய தண்ணீர் அது. நீதான் வரவில்லையே.

நீ போன செய்தி கேட்டு நீ வாழ்க்கைப்பட்ட ஷான் மலைக்கு நான் ஏறி வருவதற்குள் உன்னைப் புதைத்துவிட்டார்கள். மழையில் பாதை சரிந்து கிடந்தது, யாரைத் திட்ட? கூடப் பிறந்தவன், ஒரு வாய்க்கரிசிகூடப் போடவில்லை. "எலும்பையாவது கொண்டு வாடா, நம்ம முறைப்படி செய்யணும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தானிடம் நேராகவே கேட்டேன். அந்த மனுஷன் அழுதாரே தவிர மறுக்கவில்லை. ஊர்தான் கூடிவிட்டது.

உன் மகள் அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "மாமா, மண்ணுக்கு மூச்சு இருக்கு. கேக்காம தோண்டக் கூடாது." வீடு கட்டவும் அப்படித்தானாம், கிணறு வெட்டவும் அப்படித்தானாம். தரையில் அரிசி வைத்துக் கிண்ணத்தால் மூடி, விடிந்ததும் திறப்பார்களாம். அரிசி கலைந்திருந்தால் மண்ணுக்குச் சம்மதமில்லை. நீயும் இதை நம்பினாயா? காளி கோயிலில் தீ மிதித்தவள்தானே நீ!

"மண்ணாவது, பேசுறதாவது!" என்று கத்தினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

உன் மேட்டின் மேல் வைத்த கிண்ணத்தைக் காலையில் ஊர்ப் பெரியவர் எடுத்தார். அரிசி சிதறிக் கிடந்தது. எறும்பு இழுத்திருக்கிறது என்றேன். "எறும்பும் மண்ணோடதுதானே" என்றார். நீ இருந்திருந்தால் என் மூஞ்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அந்த அரிசியைப் பொறுக்கி உன் தலைமாட்டில் போட்டேன். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து அவர்களும் போட்டார்கள். அழுதேன் அக்கா, வாய்விட்டு அழுதேன்.

வெறுங்கையோடு வந்தவனிடம் அம்மா முகம் கொடுத்துப் பேசவே இல்லை. நேற்று தேநீரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, அவ பக்கத்துல எனக்கு இடம் குடுக்குமான்னு அந்த மண்ணைக் கேட்டியா?"

கேட்கவில்லையே அக்கா. மழை விட்டதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி வருகிறேன், இது சத்தியம். கிண்ணத்தை இந்த முறை நானே வைக்கிறேன். எறும்புகளிடம் நீ கொஞ்சம் சொல்லி வை.

இப்படிக்கு, உன் கூடப் பிறந்த
சண்டைக்காரத் தம்பி