அக்காவின் மருந்துப் பம்பு

என் பாசமுள்ள பவளம் அக்காவுக்கு,

அங்கேயாவது முதுகில் சுமை இல்லாமல் இருக்கிறாயா?

சித்தியவான் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் சுமந்து அடித்தோமே அந்தக் களைக்கொல்லி, அதை அரசாங்கம் தடை செய்துவிட்டது. நீ இருக்கும்போதே செய்திருக்கக் கூடாதா? யாரைப் போய்க் கேட்பது?

நான் இப்போது ஈப்போவில், வீட்டுக்குப் பின்னால் கீரை போடுகிறேன். எங்கள் பாசார் சந்தையில் மருந்தடிக்காத காய்கறிக்குத் தனி வரிசை வந்திருக்கிறது. இலையைச் சோதித்து, விஷம் இல்லையென்றால்தான் அங்கே இடம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். படிவத்தை நானே நிரப்பினேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

அப்புறம்தான் தப்புச் செய்தேன். உன் ஞாபகமாக வைத்திருந்த முதுகுப் பம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேப்பிலைச் சாறு ஊற்றி ஒரு பாத்திக்கு அடித்தேன். மூன்றாம் நாள் அந்தப் பாத்தி கருகிப்போனது. இத்தனை வருஷமும் குழாய்க்குள் விஷம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இலை எடுக்க வந்த மலாய்க்கார அதிகாரி பம்பைப் பார்த்துவிட்டு, முன்னே இதில் என்ன அடித்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, நல்ல பாத்தியைக் காட்டியிருக்கலாம். வாய் வரவில்லை.

"என் அக்கா களைமருந்து அடிச்ச பம்புதான். அவ நகமெல்லாம் இதுலதான் போச்சு" என்றேன்.

பம்பை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கொடுக்க மனசில்லை, கொடுத்தேன். எல்லாப் பாத்தியையும் பிடுங்கி, மண்ணை மாற்றி, மறுபடி விதைத்தேன். பாதியைப் பூச்சி தின்றது. மீதி சோதனையில் தேறியது.

அந்தத் தனி வரிசையில் கடை போட்ட முதல் நாளே ஒரு டீச்சர் வந்தாள்.

"என்ன பாட்டி, இவ்வளவு ஓட்டை?"

"பூச்சி ருசி பார்த்துட்டுப் போயிருக்கு. செத்துக் கிடக்குதான்னு பாருங்க."

"விலையும் ஜாஸ்தி லா."

"ஒரு நாள் வந்து கையால களை புடுங்குங்க, அப்புறம் குறைச்சுக் கேளுங்க."

சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு வாங்கினாள். பக்கத்தில் நின்ற என் பேத்தி அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டாள். அனுப்பட்டும்.

மருந்து வாடை கையை விட்டுப் போகாமல், கடைசிவரை நீ கரண்டியால்தான் சோறு தின்றாய். துரைசாணி என்று நான் கேலி செய்வேன். உன் நினைவு நாளுக்கு என் கீரையைக் கடைந்து, சுடுசோற்றோடு இலையில் படைப்பேன். கரண்டி வைக்க மாட்டேன், அக்கா.

தோட்டத்தில் உன் பக்கத்து வரிசையில் நிரை பிடித்த தங்கச்சி,
அஞ்சலை