தூலோனில் நான் வைக்காத பூ

இல்லை, தூலோன் கல்லறைத் தோட்டத்தின் வாசலைக்கூட நான் பார்க்கவில்லை. பூட்டியிருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். பூட்டும் நேரத்தில் நான் வேறு எங்கோ இருந்தேன், அப்பா.

நேற்று கல்லறைத் திருநாள். உங்களுக்கு இது முதலாவது. பத்து நாள் விடுமுறையில் வந்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் அம்மாவும் நானும் புறப்பட்டோம். கல்லறைக்கு வெளியே நடைபாதை முழுக்கச் சாமந்தி. தண்ணீர் தெளித்துத் தெளித்து ஊறிப்போன சாமந்தி. அதோடு மெழுகு உருகும் வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடி, மத்தியானம் சாப்டியா இல்லியா?" என்றார் அம்மா.

சாப்பிட்டேன் என்றேன். அது உண்மை.

உங்கள் மேல் சிமெண்ட் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. முத்தியால்பேட்டை அத்தை எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தூலோனில் புதைக்கப்பட்ட உங்கள் நண்பரின் அக்கா. எழுபதைத் தாண்டிய முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து, உங்கள் சிலுவையின் கீழே பூவை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவக் குனிந்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"நீ சும்மா இரு. எந்தம்பிக்கு நீ வச்ச. உங்கப்பனுக்கு நான் வக்கிறேன். அதான் மொற."

அந்த நாளை உங்களிடம் ஒருமுறையாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பிரான்சில், லியோன் கல்லூரியில் எனக்கு முதல் வருடம். வகுப்போடு நான்கு நாள் தூலோனுக்கு அழைத்துப் போனார்கள். மூன்று நாள் அருங்காட்சியகம், துறைமுகம், குறிப்பெடுத்தல். நான்காவது நாள் எங்களைச் சும்மா விட்டார்கள். முந்தின மாலை போனில் உங்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர் நீங்கள். புதுச்சேரியில் நம் சாரம் பகுதியில் இன்றும் 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்று கேட்டால்தான் நம் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் தூலோனைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டீர்கள். ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த இரண்டு பேர். ஒருவர், நீங்கள் மச்சான் என்று சொல்பவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து செத்து அங்கேயே தங்கிவிட்டார்.

"திருநாள் வருது. எம்பேரச் சொல்லி மச்சானுக்கு ஒரு பூ வச்சிட்டு வந்துடு. ஒரு மெழுகுவத்தி. வேற ஒண்ணும் வேணாம்."

வழி சொன்னீர்கள். கிழக்கே போ, அப்புறம் மேடு. கடைசியில் சிரித்தீர்கள்.

"கடல வச்சு தெச பாக்காதடி. அங்க கடல் தெக்க இருக்கு. மொத நாளே நாங்க ரெண்டு பேரும் கேம்ப்புக்குப் போற வழி தெரியாம அலஞ்சோம்."

நானும் அதையேதான் செய்தேன். புதுச்சேரியில் பிறந்தவளுக்குக் கடல் என்றால் கிழக்கு. யாரும் சொல்லித்தருவதில்லை, காலுக்கே தெரிகிறது. போனில் வரைபடம் இருந்தது. நீங்கள் சொன்ன வழியிலேயே போக வேண்டும் என்று அதைத் திறக்கவில்லை. கிழக்கு என்று நினைத்துத் துறைமுகத்தை நோக்கி நடந்தேன்.

சந்தை ஒன்று வந்தது. கடலைமாவில் சுட்ட, அடை மாதிரியான ஒன்றை மிளகு தூவித் தந்தார்கள். சுடச்சுடத் தின்றேன். படிக்கட்டுச் சந்துகளில் துணி காய்ந்தது. படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போனேன், காரணமே இல்லாமல். ஒருவரும் என்னை நிறுத்தி 'நீ யார் வீட்டுப் பொண்ணு' என்று கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் முதல்முறையாக நான் யார் வீட்டுப் பெண்ணும் இல்லை. அது எவ்வளவு லேசாக இருந்தது என்று உங்களிடம் எப்படிச் சொல்வது?

நான்கு மணிக்கு நினைவு வந்தது. அப்போதுதான் வரைபடத்தைத் திறந்தேன். கல்லறைத் தோட்டம் ஐந்துக்கு மூடும். நான் இக்கரைக்குத் திரும்பி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உடனே கிளம்பி ஓடினால் போய்விடலாம்.

இன்னொரு காபி சொன்னேன்.

அதுதான் நடந்தது. வழி தவறியதை நீங்கள் மன்னித்திருப்பீர்கள், சிரித்திருப்பீர்கள். அந்த இரண்டாவது காபியைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு நீங்களே அழைத்தீர்கள். "வச்சிட்டியா?"

"வச்சிட்டேம்பா."

"சுத்தமா இருக்கா?"

"இருக்குப்பா."

"கேட்டுக்கு எதிர்ல பூக்கடைல அந்தம்மா இருந்தாங்களா? செவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கினு?"

"இருந்தாங்கப்பா. அவங்ககிட்டதான் வாங்கினேன்."

பிறகு, "ம். நல்லது. சாப்ட்டியா?" என்றீர்கள்.

மறுநாள் ரயிலில்தான் உறைத்தது. நான் சின்னவளாக இருக்கும்போது அந்தப் பூக்கடைக்காரியைப் பற்றி ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். 'எங்கம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு.' நீங்கள் அந்த ஊரைவிட்டு வந்தே முப்பது வருடத்துக்கு மேல். உங்கள் அம்மா செத்துப்போய் நெடுங்காலம். அந்தப் பூக்காரி இன்னும் அங்கே இருக்க வழியே இல்லை.

தெரிந்துதான் கேட்டீர்களா? இல்லை, அந்த ஒரு நிமிடம் வருடங்கள் மறந்துபோய் ஆசையாகக் கேட்டீர்களா? ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் ஓடின. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டீர்கள். பொண்ணு போய்ப் பூ வச்சிட்டு வந்தா என்று. கிறிஸ்துமஸுக்கு நான் வந்தபோது அவர் வீட்டுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். "இந்தக் கைதானே? இந்தக் கைதானே?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் அப்போது வாசல்பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தெருவில் ஒன்றுமில்லை.

"அக்கா, காபி போடச் சொல்லவா?" என்றீர்கள், திரும்பாமலே.

அந்த முதுகு. லியோனில் பாத்திரம் கழுவும்போது, டிராமுக்கு நிற்கும்போது, எனக்கு முன்னால் யாராவது அப்படி நின்றால் அது நீங்கள்தான் என்று தோன்றும். பிப்ரவரியில் நீங்கள் போன பிறகும் அது திரும்பவில்லை.

நேற்று அத்தை கடைசிப் பூக்களைக் கையில் வைத்திருந்தார். சொன்னேன்.

"அத்த, நான் போகல."

"எங்க?"

"தூலோன்ல. கல்லறைக்கு. பூ வக்கல. அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

"ஏய், என்னடி பேசற?" என்று அம்மா என் தோளைப் பிடித்தார். பக்கத்து வரிசையில் சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வந்துகொண்டிருந்தார். யாரோ, "யக்கா, தள்ளி நில்லு, பொடவைல மெழுவு ஒழுவுது பாரு" என்றார்கள்.

அத்தை நிமிரவில்லை. "உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியல அத்த."

"தெரிஞ்சிருந்தா எங்கிட்ட வந்து அப்படிச் சொல்லுவானா?"

அந்த முதுகைப் பற்றி நான் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷமா நிம்மதியாத் தூங்கனேன்டி," என்றார். "இப்ப எதுக்கு வந்து சொல்ற? உனுக்கு பாரம் எறங்கணும்னா?"

"நீங்க அப்பாவுக்குப் பூ வக்கறீங்களே. அதான்."

வைத்ததையெல்லாம் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். உங்களுக்காகப் பயந்தேன். அவர் கையில் மீதி இருந்த பூக்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவற்றையும் உங்கள் மேல் வைத்தார்.

"இவன் என்ன பண்ணுவான், பொண்ணப் பெத்தவன்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னார். நான் நீட்டிய கையைப் பிடிக்காமல், சிலுவையைப் பிடித்து எழுந்தார்.

அங்கே தூலோனில் கல்லறைகளுக்கு இத்தனை வருடம் என்று தவணை உண்டு, அப்பா. வந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால் எலும்பை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டாம். அதைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவருடைய பெயரே எனக்குத் தெரியாது என்று. நம் வீட்டில் அவர் வெறும் மச்சான். வாசல்வரை அத்தையின் பின்னால் நடந்து கேட்டேன். நிற்காமல் நடந்துகொண்டே சொன்னார். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், செத்த வருடம். போனில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இன்று காலை தூலோன் நகராட்சியின் கல்லறை அலுவலகத்துக்கு எழுதினேன். முழுப் பெயரையும் வருடத்தையும் கொடுத்து, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன்.